14சி28என் மடக்குக் கத்தி: 14 மாதம் பாக்கெட்டில் இருந்த பிறகு

மழைக்காகிதம்:

வணக்கம். எட்டு சென்டிமீட்டர் அலகுள்ள மடக்குக் கத்தி ஒன்று 14 மாதமாக என் வலது பாக்கெட்டில் இருக்கிறது. ஸ்டீல் 14சி28என். வாங்கும்போதே இரண்டு பேர், "இது நடுத்தர ஸ்டீல்தான், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துப் பவுடர் ஸ்டீலாக வாங்கியிருக்கலாமே" என்றார்கள். உலோகப் பொடியை அழுத்திச் செய்யும், விலை கூடிய ஸ்டீலைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தேன். எப்போது தீட்டினேன், எதை வெட்டியதில் மழுங்கியது, எங்கே கறை பிடித்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

வேலை பெரிதாக எதுவும் இல்லை. வாரத்துக்கு ஏழெட்டு பார்சல் பெட்டி, அதைச் சுற்றிய டேப், பிளாஸ்டிக் பட்டை, சணல் கயிறு, பென்சில், பழம், எப்போதாவது வயரின் மேலுறை. பெரும்பாலானவர்களின் பாக்கெட் கத்தி செய்யும் வேலைதான்.

இதுவரை 11 தடவை தீட்டியிருக்கிறேன். அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த கூர் ஒன்பது நாள்தான் தாங்கியது. நான் முதலில் தீட்டிய பிறகு இரண்டு வாரம். அடுத்தது மூன்று வாரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்து, ஆறு வாரம் வருகிறது. கல்லும் அதே கல், வேலையும் அதே வேலை.

துரு விஷயத்தில் அலகு சுத்தம். ஒரு தடவை எலுமிச்சையை நறுக்கிவிட்டு, துடைக்காமல் மடக்கிப் போட்டுவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன். வாய்ப் பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், லேசாகச் சாம்பல் நிழல் தெரிந்தது, ஈரத்துணியில் தேய்த்ததும் போய்விட்டது. ஆனால் கிளிப்பைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகளில் இரண்டு பழுப்பேறிவிட்டன.

கெட்டது என்று சொன்னால் ஒன்றுதான். பெட்டியின் அடியில் அடித்திருக்கும் தடித்த செம்பு நிறப் பின் மேல் கத்தி ஏறிவிட்டது. வாய் உடையவில்லை, ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. பக்கவாட்டில் நகத்தை ஓட்டினால் அந்த இடத்தில் மட்டும் நகம் மாட்டும். கல்லில் ஏழெட்டு இழுப்பில் சரியாகிவிட்டது.

என் கேள்வி இரண்டு. முதல் கூர் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது? நடுத்தர ஸ்டீலிலிருந்து மேலே போனவர்களே, அன்றாட வேலையில் உங்கள் கைக்கு வித்தியாசம் தெரிந்ததா?

கிடங்குக்காரன்:

எனக்குத் தெரிந்தது. ஆனால் என் வேலை உங்கள் வேலை இல்லை. காலை முதல் மாலை வரை அட்டைப் பெட்டி பிரிக்கிறேன். ஒரு நாளைக்கு நூறுக்குக் குறையாது. 14சி28என் என்னிடமும் இருந்தது. காலையில் தீட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் அட்டையை வெட்டாமல் கிழிக்க ஆரம்பித்துவிடும். டி2 என்ற வேறொரு ஸ்டீலில் செய்த கத்தி அதே வேலையில் சாயங்காலம் வரை நின்றது.

அட்டையை மென்மையான பொருள் என்று நினைக்கிறோம். மறுசுழற்சி செய்த அட்டைக்குள் களிமண் பொடி, மணல் துகள் எல்லாம் கலந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் உப்புத்தாளில் தேய்ப்பது மாதிரிதான்.

டி2விலும் நிம்மதி இல்லை. வியர்வை பட்டே புள்ளி புள்ளியாகத் துரு வரும். அதோடு, நான் இரண்டாவதாக வாங்கிய "டி2" கத்தி முதலாவதில் பாதி நேரம்கூட நிற்கவில்லை. பெயர் ஒன்றுதான், கத்தி வேறு. கம்பெனியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு பழைய அரத்தை அதன் முதுகில் வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய அரம் கடித்துப் பொடி எடுத்தது.

உலைக்களம்:

வெப்பப் பதம் போடும் கூடத்தில்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காகிதம், உங்கள் முதல் கூர் போனதற்குப் பெரும்பாலும் ஸ்டீல் காரணம் இல்லை. தொழிற்சாலையில் கடைசியாக வாய் பிடிப்பது வேகமாக ஓடும் பெல்ட்டில். பல இடங்களில் தண்ணீர் விடுவதில்லை. அலகைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வாயின் நுனி முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. அங்கே உண்டாகும் சூடு உள்ளே ஓடுவதற்குள் நுனி வெந்துவிடும். இந்த ஸ்டீலைக் கெட்டிப்படுத்திய பிறகு மறுபடி 200 டிகிரி வாக்கில் சூடாக்கிப் பதம் இறக்குகிறோம். நுனி மட்டும் அதைத் தாண்டிப் போனால் நுனி மட்டும் இளகிவிடும். நீங்கள் மூன்று தடவை தீட்டியதில் அந்த வெந்த பகுதி தேய்ந்து, உள்ளே இருக்கும் நல்ல உலோகம் வாய்க்கு வந்திருக்கிறது. புதுக் கத்தியின் முதல் கூரை வைத்து எந்த ஸ்டீலையும் எடை போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி ஸ்டீலுக்கு வருகிறேன். 14சி28என் ஸ்வீடனின் சாண்ட்விக் உருவாக்கியது. அந்தப் பிரிவுக்கு 2022 முதல் அலெய்மா என்று பெயர். இதற்கு முன்னோடி 13சி26 என்ற சவர பிளேடு ஸ்டீல். அதில் கார்பன் 0.68 சதவீதம், குரோமியம் 13. கத்திக்காக அதை மாற்றியபோது கார்பனை 0.62 ஆகக் குறைத்து, குரோமியத்தை 14 ஆக்கி, 0.11 சதவீதம் நைட்ரஜன் சேர்த்தார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் துரு விஷயத்தில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். எவர்சில்வர் துருப் பிடிக்காமல் இருப்பது மேலே சில நானோமீட்டர் தடிமனில் படியும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலத்துக்குக் குரோமியம் இரும்போடு கரைந்து இருக்க வேண்டும். கார்பன் அதிகமானால் அது குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினமான துகளாகக் கட்டிவிடும். கட்டிப்போன குரோமியம் தேய்மானத்துக்கு உதவும், துருவைத் தடுக்க வராது. 154சிஎம் ஸ்டீலில் குரோமியம் இதே 14தான், ஆனால் கார்பன் 1.05. தாளில் குரோமியம் ஒன்றாக இருந்தாலும் வியர்வையில் 14சி28என் முந்திக்கொள்ளும். டி2வில் குரோமியம் 12, கார்பன் 1.5. அதில் நல்ல பங்கு கார்பைடுக்குள் போய்விடுகிறது. கிடங்குக்காரன் சொன்ன புள்ளித் துரு அங்கிருந்துதான் வருகிறது. அவருடைய டி2 அட்டையில் அதிக நேரம் நின்றதும் அதே கார்பைடால்தான்.

நைட்ரஜன் இங்கே இரட்டை வேலை செய்கிறது. கார்பனைப் போலவே கெட்டித்தன்மை தரும், ஆனால் குரோமியத்தை அந்த அளவுக்குக் கட்டிப்போடாது. அதனால் கார்பனைக் குறைத்த பிறகும், கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் அளவில் 60 வரை போக முடிகிறது.

இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஹாரி பிரியர்லி. 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய் அரிப்பதைத் தடுக்க வழி தேடியவர், 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட ஸ்டீலை உருக்கினார். அது துருப் பிடிக்கவில்லை. ஆனால் 0.24 கார்பனில் நல்ல கூர் எப்படி நிற்கும்? ஆரம்பகால எவர்சில்வர் கத்திகளுக்கு வெட்டாத கத்தி என்ற கெட்ட பெயர் வந்தது. அன்று முதல் இன்று வரை கத்தி ஸ்டீல் செய்பவர்கள் அதே இழுபறியைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதியவன்22:

அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். அப்படியானால் வாங்கும்போது ராக்வெல் எண்ணைப் பார்த்தால் போதுமா?

உலைக்களம்:

பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த எண் அலகின் உடல் எவ்வளவு கெட்டி என்று மட்டும் சொல்லும். 57இல் இருக்கும் 14சி28என்னும் 60இல் இருக்கும் 14சி28என்னும் கையில் வேறு வேறு கத்திகள். முதலாவது சீக்கிரம் மடங்கும், இரண்டாவது நிற்கும். கெட்டித்தன்மையைக் கூட்டுவதற்குச் சூளையில் 1,050 டிகிரிக்கு மேல் சரியான நேரம் வைத்து, வேகமாகக் குளிர்வித்து, முடிந்தால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உறைய வைக்க வேண்டும். கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் கட்டம் இதுதான். இங்கே அவசரப்பட்டால் எந்தப் பெயர் கொண்ட ஸ்டீலும் வீணாகிவிடும்.

சாணைக்கல்:

எல்லோரும் ஸ்டீலைப் பேசுகிறீர்கள். நான் வாயின் கோணத்தைப் பேசுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பாக்கெட் கத்திகள் அங்கேதான் கெட்டுப்போகின்றன.

கடையில் வரும் கத்தி பக்கத்துக்கு 20 டிகிரி, சில நேரம் 22, 23கூட இருக்கும். எல்லா வகை ஆட்கள் கையிலும் உடையாமல் இருக்க வேண்டும் என்று அப்படி வைக்கிறார்கள். நீங்கள் கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்தாதவர் என்றால், 14சி28என் மாதிரி நுண்ணிய கார்பைடு உள்ள ஸ்டீலைப் பக்கத்துக்கு 15 டிகிரிக்குத் தாராளமாக இறக்கலாம். வாய் மெலிந்தால் வெட்டுவதற்கு விசை குறையும். கூர் கொஞ்சம் தேய்ந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருக்கும். சாய்வை மட்டும் மாற்றிவிட்டு, "என் கத்திக்கு என்ன ஆனது, வேறு ஸ்டீல் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்படிச் செய்வது? மார்க்கர் பேனாவால் வாயின் சரிவைக் கறுப்பாக்குங்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. சரிவின் மேல் விளிம்பில் மட்டும் போயிருந்தால் கோணம் குறைவு, நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். மேலிருந்து கீழ் வரை சீராகப் போகும் வரை கையைத் திருத்துங்கள்.

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் பிசிறு எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே தடவினால் மெல்லிய கம்பி மாதிரி தட்டுப்படும். வாயின் நீளத்துக்கும் அது எழும்பிய பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். இங்கே எல்லா ஸ்டீலும் ஒன்று இல்லை. விஜி-10 ஸ்டீலில் பிசிறு பிடிவாதமானது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தேய்த்தால் இங்கே வரும், விழாது. கூராகத்தான் இருக்கிறது என்று நினைத்து எடுத்துப் போவீர்கள். முதல் பெட்டியிலேயே அந்தக் கம்பி பிய்ந்து மொட்டையாகிவிடும். பிறகு ஸ்டீலைத் திட்டுவோம். 14சி28என் அப்படிப் படுத்தாது. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒவ்வோர் இழுப்பாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, அப்புறம் தோல் பட்டையில் ஆறேழு தடவல். பிசிறு போய்விடும்.

விளக்கு வெளிச்சத்தில் வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, வெறும் இருட்டுக் கோடாகத் தெரியும். எங்கேயாவது மின்னினால் அங்கே மழுங்கியோ பிசிறோ இருக்கிறது.

செதுக்கல்:

சாணைக்கல் அண்ணா சொன்ன 15 எனக்கும் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் 10, 12 என்று இறங்கிவிட வேண்டாம். நான் மரம் செதுக்குகிறவன். 14சி28என்னைப் பக்கத்துக்கு 11 டிகிரி வரை இறக்கிப் பார்த்தேன். மென்மையான மரத்தில் வெண்ணெயில் ஓடுவது மாதிரி ஓடியது. ஒரு முடிச்சில் கத்தியைக் கொஞ்சம் திருப்பியதும் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு வாய் அலையாக நெளிந்துவிட்டது. 14 டிகிரிக்கு ஏற்றிய பிறகு ஒரு வருடமாக நெளியவில்லை.

பவுடர் ஸ்டீலில் ஒரு கத்தியும் வைத்திருந்தேன். வனேடியம் 4 சதவீதம் உள்ள எஸ்30வி. தேய்மானம் தாங்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் வேலையில் வாய் தேய்ந்து மழுங்குவதே அபூர்வம். முடிச்சில் பட்டு நெளியும், இல்லையென்றால் சில்லு போகும். எஸ்30வியில் போனது சில்லு. நெளிந்ததை நாலு இழுப்பில் நிமிர்த்திவிடலாம். சில்லு போனால் அந்த ஆழம் வரைக்கும் வாய் முழுவதையும் தேய்க்க வேண்டும், அரை மணி நேரம் போய்விடும். உளிக்கும் கத்திக்கும் நான் ஸ்டீல் தேடும்போது முதலில் பார்ப்பது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இல்லை. கெட்டால் எப்படிக் கெடும் என்பதைத்தான் பார்க்கிறேன்.

படகோட்டி:

உப்புத் தண்ணீர் பக்கமிருந்து கொஞ்சம். நாள் முழுக்கக் கை நனைந்தே இருக்கும் வேலை எனக்கு. 154சிஎம்மில் ஒரு வாரத்தில் ஊசி குத்தியது மாதிரி புள்ளிகள் வந்தன. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓர் இடத்தில் துளைத்துவிட்டால் அங்கே உள்ளுக்குள்ளேயே தோண்டிக்கொண்டு போகும். மேலே கடுகளவு தெரியும், அடியில் பள்ளம் இருக்கும். 14சி28என் அலகில் இரண்டு வருடமாக எனக்குப் புள்ளி வரவில்லை. ஆனால் தினமும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கிறேன். அப்படிச் செய்யாமல் விட்டால் இதுவும் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். துடைக்கவே நேரமில்லாத ஆட்களுக்கு எல்சி200என் மாதிரி நைட்ரஜன் தூக்கலாக உள்ள ஸ்டீல் இருக்கிறது. கூர் நிற்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மழைக்காகிதம், உங்கள் திருகாணி பழுப்பேறியது சின்ன விஷயம் இல்லை. கத்தியைப் பிரித்து அச்சைப் பாருங்கள். அலகு நல்ல ஸ்டீலாக இருக்கும். ஆனால் உள்தகடு, திருகாணி, பூட்டு எல்லாம் வேறு ஸ்டீல், அதன் பெயரை யாரும் பெட்டியில் போடுவதில்லை. ஈரம் வெளியே வர முடியாத இடுக்கில்தான் துரு தொடங்கும். வியர்வையும் உப்புதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். மணல் அடித்துச் சொரசொரப்பாக விட்ட அலகு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் குழிகளில் ஈரம் தங்கும். அதே ஸ்டீலில் வழவழப்பான அலகுக்கும் அதற்கும் துரு விஷயத்தில் நல்ல வித்தியாசம் உண்டு.

கிடங்குக்காரன்:

உலைக்களம் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பதம்தான் முக்கியம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், என் இரண்டாவது டி2வே சாட்சி. ஆனால் வாங்குகிற நான் பதத்தை எப்படிப் பார்ப்பது? சூளையில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறது? அலகில் பொறித்திருக்கும் ஸ்டீல் பெயர் ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. அதை நம்பாதே என்றால் வேறு எதை நம்பி வாங்குவது? இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். அந்தக் கத்திக்கு மூன்று மாதம் காத்திருந்து வாங்கினேன்.

உலைக்களம்:

உங்கள் வருத்தம் நியாயமானது. பதம் தெரியாது என்பது வாங்குபவரின் குற்றம் இல்லை, சொல்லாமல் விற்பவரின் குற்றம்.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். முதலில், ராக்வெல் எண்ணைக் குறுகிய எல்லையில் சொல்கிறார்களா என்று பாருங்கள். "58 முதல் 60" என்று எழுதுபவர் அளந்து பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். "56 முதல் 61" என்றால் அளக்கவில்லை, அல்லது ஒரு கத்தி மாதிரி இன்னொரு கத்தி வரவில்லை. அப்புறம், ஒரே ஸ்டீலைப் பல வருடமாகச் செய்துவருபவர் பெரும்பாலும் அதன் குணத்தைப் பிடித்திருப்பார். எல்லா ஸ்டீலிலும் ஒவ்வொன்று விற்பவரைவிட அவரை நம்புவேன். விக்டோரிநாக்ஸைப் பாருங்கள். அவர்கள் பேனாக்கத்தி அலகு 56 ராக்வெல்தான். இங்கே பேசிக்கொண்டிருக்கும் எந்த ஸ்டீலையும்விட மெத்தென்று இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அதே 56, மெல்லிய அலகு, எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் கூர் வந்துவிடும். அதனால்தான் அத்தனை பேர் பாக்கெட்டில் இருக்கிறது.

அரம் வைத்துப் பார்த்தீர்களே, அது நல்ல சோதனை. நல்ல அரம் 60க்கு மேல் இருக்கும். 58, 59 உள்ள அலகில் அது வழுக்கும் அல்லது லேசாகத்தான் பிடிக்கும். கடித்துப் பொடி எடுத்தது என்றால் உங்கள் கத்தி 55ஐக்கூடத் தொட்டிருக்காது. ஆனால் அரத்தை வாயில் வைக்காதீர்கள், முதுகில் கைப்பிடிக்கு அருகே தெரியாத இடத்தில் வையுங்கள். நீங்கள் செய்தது சரிதான்.

புதியவன்22:

விலை அதிகமான கத்தியில் ஏன் வனேடியம் ஸ்டீல் போடுகிறார்கள்? செதுக்கல் அண்ணா சொல்வதைப் பார்த்தால் தேவையே இல்லை போலிருக்கிறதே.

சாணைக்கல்:

தேவை இருப்பவர்களுக்கு இருக்கிறது. கிடங்குக்காரன் மாதிரி ஆட்கள்.

கார்பைடுகளின் கடினத்தை விக்கர்ஸ் அளவில் சொல்வார்கள். குரோமியம் கார்பைடு 1,500 வாக்கில். வனேடியம் கார்பைடு 2,800 வாக்கில். சாதாரண தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு இரண்டுக்கும் நடுவில், 2,000 வாக்கில். இதிலிருந்தே கதை தெரிந்துவிடும். அட்டையில் உள்ள மணல் துகள் வனேடியம் கார்பைடைத் தேய்க்க முடியாது, அதனால் வாய் நிற்கும். உங்கள் கல்லாலும் அதைத் தேய்க்க முடியாது, அதனால் தீட்டும்போது திணறுவீர்கள். வைரக் கல் வேண்டும். 14சி28என்னில் இருப்பது கொஞ்சமே குரோமியம் கார்பைடு, அதுவும் பொடிப்பொடியாக. எந்தக் கல்லும் அதை வெட்டும்.

ஷெஃபீல்டில் கேட்ரா என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கத்தி எவ்வளவு நேரம் கூர் தாங்கும் என்று அளக்க அவர்கள் வைத்திருக்கும் இயந்திரம், 5 சதவீதம் மணல் கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டும். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் வெட்டியது என்பதுதான் மதிப்பெண். அது நேர்மையான சோதனை. நேர்க்கோட்டில் தேய்மானத்தை மட்டும் அளக்கிறது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அதில் பின் கிடையாது, மர முடிச்சு கிடையாது, கையின் திருகல் கிடையாது. மழைக்காகிதத்தின் கத்திக்கு வந்த ஒரே கெடுதல் பின்னில் மடங்கியது. அது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

முதலில் படகோட்டி சொன்னபடி பிரித்தேன். அச்சைக் கழற்றியதும் உள்தகட்டில், வாஷர் உட்காரும் வட்டத்தைச் சுற்றி, பென்சிலால் வரைந்தது மாதிரி பழுப்புக் கோடு. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அலகில் அதே வட்டம் பளபளவென்று இருந்தது. இரண்டும் 14 மாதமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, ஒரே வியர்வையில் இருந்தவை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் கோடு போய்விட்டது, தகட்டில் லேசான தழும்பு மட்டும் இருக்கிறது. கிளிப் திருகாணிகளை மாற்றிவிட்டேன்.

அடுத்து கோணம். மார்க்கர் வைத்துப் பார்த்தால், இத்தனை நாளும் நான் பக்கத்துக்கு 20 டிகிரி என்று நினைத்துத் தீட்டியது உண்மையில் 23 பக்கம் இருந்திருக்கிறது. நுனியில் மட்டும் மை போனது. 400ஆம் நம்பர் கல்லில் 15க்கு இறக்க ஒரு மணி நேரம் ஆனது. இறக்குவதற்கு முன்னால், புதிதாகத் தீட்டிய பழைய கோணத்தில், 10 மில்லிமீட்டர் சணல் கயிற்றை வெட்டி எண்ணிவைத்திருந்தேன். ஒரே இழுப்பில் அறுபடாமல் நிற்கும் வரை 64 வெட்டு வந்தது. 15 டிகிரியில் அதே கயிறு, அதே பலகை: 118. இரண்டாவது தடவை தீட்டி எண்ணியபோது 109. கை வித்தியாசம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த அளவு எதிர்பார்க்கவில்லை.

பின் மேல் இன்னும் ஏறவில்லை. ஏறினால் என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன். பவுடர் ஸ்டீல் வாங்கும் யோசனையை இப்போதைக்கு எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு வைரக் கல் வாங்கினேன். 14சி28என்னுக்கு அது தேவையில்லைதான், ஆனால் கோணம் மாற்றும் அந்த ஒரு மணி நேரம் பாதியாகும்.

கிடங்குக்காரன்:

64க்கும் 118க்கும் நடுவில் ஸ்டீல் மாறவில்லை என்பதை இரண்டு தடவை படித்தேன். என் பழைய 14சி28என் மேசை அறையில் சும்மா கிடக்கிறது. எடுத்து 15க்கு இறக்கிவிட்டு, டி2வோடு ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பெட்டி பிரித்துப் பார்க்கிறேன். சாணைக்கல் அண்ணா, அட்டைக்கு எந்த நம்பர் கல்லோடு நிறுத்தலாம்? நான் இதுவரை 3000 வரை கொண்டுபோய்க் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவேன்.

சாணைக்கல்:

அட்டைக்கும் கயிற்றுக்கும் 3000 வேண்டாம். 400 அல்லது 600இல் நிறுத்திப் பிசிறை மட்டும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். நுண்ணிய பல் வரிசை மாதிரி இருக்கும் வாய் நாரைப் பிடித்து வெட்டும். கண்ணாடி வாய் நீளமாக இழுத்து வெட்டும்போது வழுக்கும். பிசிறு போனதா என்று பார்க்க, பேப்பர் வேண்டாம், டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். மாட்டி இழுத்தால் இன்னும் இருக்கிறது.

கிடங்குக்காரன்:

சரி அண்ணா. திங்கட்கிழமை இரண்டு கத்தியையும் எடுத்துப் போகிறேன். பெட்டிக் கணக்கைக் குறித்து வருகிறேன்.